போலீசுக்கும் தீயணைப்புக்கும் முழுநேரமா ஒரு மந்திரிய போடுங்க

வணக்கம்ங்க.

மாநிலத்துல போலீசையும் தீயணைப்பையும் யார் கையில வச்சிருக்கீங்களோ அவங்களுக்குத்தான் இந்த மடல். பேர் போட்டு எழுதல. தமிழ்நாட்டுல பல காலமா பெரும்பாலும் முதல்வருங்கதான் இந்த துறைய வச்சிருந்திருக்காங்க, ஆட்சி மாறும், கொடி மாறும், இது மட்டும் மாறாது. அதனால இன்னைக்கு கோட்டையில இருக்கிறவங்களுக்கும், நாளைக்கு வரப்போறவங்களுக்கும், ஏற்கனவே இருந்துட்டு போய் "சட்டம் ஒழுங்கு சந்தி சிரிக்குது"ன்னு பேட்டி குடுக்கிறவங்களுக்கும் சேத்து ஒரே மடலா எழுதிட்டேன், ஸ்டாம்பு செலவாவது மிச்சமாகட்டும்.

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். போலீசுக்கும் தீயணைப்புக்கும், ஆபத்து அவசரம்னா ஓடி வர்ற மத்த சர்வீசுக்கும் சேத்து தனியா ஒரு அமைச்சர் வேணும். காலைல எந்திரிச்சதுலருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் இது ஒண்ணையே பாக்குற ஆளா இருக்கணும். பால்வளத்துக்கு தனி அமைச்சர் இருந்திருக்கார், கைத்தறிக்கு இருந்திருக்கார், சுற்றுலாவுக்கு இருந்திருக்கார், தப்பே சொல்லல, இருக்கட்டும். ஆனா லட்சம் பேருக்கு மேல வேலை பாக்குற, லத்தியும் துப்பாக்கியும் லாக்கப் சாவியும் கையில இருக்கிற ஒரு துறைக்கு மட்டும் ஏன் தனி ஆள் கிடையாதுன்னு யாரும் கேக்கறதே இல்ல. பழகிப்போச்சு நமக்கு.

முன்னாடி இப்படி இல்லைங்க. 1963லருந்து 1967 வரைக்கும் கக்கன்தான் உள்துறை அமைச்சர், முதல்வர் பக்தவத்சலம். கக்கன்னு சொன்னாலே நம்ம ஆளுங்க அவர் எளிமைய பத்தி, அரசு ஆஸ்பத்திரி வார்டுல சாதாரணமா படுத்திருந்தத பத்தி ஒரு பதிவு போட்டுட்டு போயிடுவாங்க, அவர்கிட்ட போலீஸ் துறை இருந்துச்சுங்கிறதே பாதி பேருக்கு ஞாபகம் இருக்காது. 1965ல இந்தி எதிர்ப்பு போராட்டத்துல துப்பாக்கிச்சூடு நடந்துச்சு, அதுக்கு பதில் சொல்ல ரெண்டு பேர் இருந்தாங்க, 67 தேர்தல்ல ரெண்டு பேருமே தோத்தாங்க. கக்கன் காலத்து போலீஸ் தங்கம்னு நான் சொல்ல வரல, அந்த துப்பாக்கிச்சூட்டுக்கு யாரும் வக்காலத்து வாங்க முடியாது. துறைக்குன்னு ஒரு முகம் இருந்துச்சு, அத பாத்து கேக்க முடிஞ்சுது, அவ்ளோதான் சொல்றேன். அதுக்கப்புறம் போலீஸ் துறை மெதுவா முதல்வர் மேஜைக்கு போய் அங்கயே உக்காந்துருச்சு.

சட்டசபையில என்ன நடக்குதுன்னு பாருங்க. ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்க சட்டசபைகிட்ட அனுமதி கேக்கறதுதான் மானியக் கோரிக்கை, அதுல எண் 22 காவல், எண் 23 தீயணைப்பு மீட்புப் பணிகள். ரெண்டும் பெரும்பாலும் ஒண்ணா சேந்து கூட்டத்தொடரோட கடைசிப்பக்கம்தான் வரும். அன்னைக்கு சபை களைகட்டும், ஏன்னா பதில் சொல்லப்போறது முதல்வர். ஆளுங்கட்சி உறுப்பினர் எந்திரிச்சா தலைவர பாராட்டியே பாதி நேரம் போயிடும், எதிர்க்கட்சி எந்திரிச்சா பழைய ஆட்சி புது ஆட்சி கணக்கு, நடுவுல ஒரு வெளிநடப்பு. எந்த ஊர் ஸ்டேஷன்ல எத்தனை இடம் காலியா கிடக்கு, தடயவியல் ரிப்போர்ட் வர எத்தனை மாசம் ஆகுது, தீயணைப்பு வண்டி எத்தனை வருஷம் ஓடினது, இதெல்லாம் கொள்கை விளக்கக் குறிப்புல அட்டவணையா இருக்கும், அத கையில வச்சிக்கிட்டு முதல்வர குடைஞ்சு கேக்க ஆளுங்கட்சி பெஞ்சுல யாருக்கு தைரியம் வரும் சொல்லுங்க? பால்வளத்துறை அமைச்சர்கிட்ட நம்ம தொகுதிக்கு ஒரு குளிரூட்டும் நிலையம் வேணும்னு சண்டை போட முடியும். முதல்வர்கிட்ட நம்ம தொகுதி ஸ்டேஷன்ல அடிக்கிறாங்கன்னு சொன்னா அடுத்த தேர்தல்ல சீட்டு கிடைக்குமா? எதிர்க்கட்சி கேட்டாலும் அது ஆட்சி மேல வச்ச குத்தச்சாட்டா மாறிடுது, துறைய பத்தின கேள்வி அங்கயே செத்துடுது.

தனி அமைச்சர் இருந்தா இன்னொரு வசதி, அவர் ராஜினாமா பண்ண முடியும். இது சின்ன விஷயம் இல்ல. 1956ல அரியலூர் ரயில் விபத்து, நம்ம மண்ணுல நடந்தது, 140 பேருக்கு மேல போயிட்டாங்க, ரயில்வே அமைச்சரா இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவிய விட்டு போனார். துணை அமைச்சரா இருந்த அழகேசன பாத்து "ஆண்டது போதாதா, மாண்டது போதாதா"ன்னு திமுக மேடையில கேட்டது பெரியவங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். 2008 மும்பை தாக்குதல் முடிஞ்ச கையோட, பெரிய ஊர்ல இந்த மாதிரி சின்ன சம்பவம் நடக்கத்தான் செய்யும்ங்கிற தொனியில பேசிட்டு மகாராஷ்டிரா உள்துறை அமைச்சர் ஆர்.ஆர். பாட்டீல் பதவிய விட்டார், அவர் பின்னாடியே சில நாள்ல முதல்வரும் போனார்.

கேரளாவுல நடந்தது இன்னும் பெருசு. எமர்ஜென்சி நேரம், 1976ல கோழிக்கோடு ரீஜனல் இன்ஜினியரிங் காலேஜ் மாணவர் ஒருத்தர போலீஸ் பிடிச்சிட்டு போச்சு, பையன் திரும்பி வரவே இல்ல. அப்ப முதல்வர் அச்சுத மேனன், உள்துறை கருணாகரன்கிட்ட. அடுத்த வருஷம் கருணாகரன் முதல்வராவே ஆயிட்டார். பையனோட அப்பா ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு போட்டார், உள்துறைய வச்சிருந்தது நீங்கதானேன்னு கேள்வி நேரா அவர்கிட்ட வந்து நின்னுச்சு, முதல்வர் நாற்காலியில உக்காந்து ஒரு மாசத்துலயே எழுந்து போக வேண்டியதா போச்சு. யோசிச்சு பாருங்க, துறை அவர் பேர்ல தனியா இருந்ததாலதான் அந்த பழி அவர தேடி வர முடிஞ்சுது. முதல்வரே துறைய வச்சிருந்தா என்ன ஆகும்? ராஜினாமான்னா மொத்த மந்திரிசபையும் போகணும், ஆட்சியே கவிழணும், ஒரு லாக்கப் மரணத்துக்காக எவன் ஆட்சிய விடுவான்? அதனால என்ன நடக்குதுன்னா ஒரு எஸ்.ஐ. சஸ்பெண்டு, இன்ஸ்பெக்டர் ஆயுதப்படைக்கு, எஸ்.பி. காத்திருப்போர் பட்டியல், குடும்பத்துக்கு நிவாரணம், யாருக்காவது அரசு வேலை. மேல ஒரு நாற்காலியும் அசையாது.

2020 ஜூன் சாத்தான்குளம். ஊரடங்குல கடைய நேரம் தாண்டி திறந்து வச்சாங்கன்னு சொல்லி கூட்டிட்டு போன அப்பாவும் மகனும் உயிரோட வீடு வரல. அரசு தரப்புல வந்த முதல் அறிக்கையில என்ன இருந்துச்சு? மூச்சுத்திணறல், உடல்நிலை சரியில்லாம போச்சு. போலீஸ் என்ன எழுதி குடுத்துச்சோ அதே வரி முதல்வர் பேர்ல வெளிய வந்துச்சு. ஹைகோர்ட் மதுரை கிளை அனுப்பின மாஜிஸ்திரேட் ஸ்டேஷனுக்கு போய் பாத்தா கேமரா இருக்கு, ஹார்டு டிஸ்க்கு ஒரு டெராபைட்டு, இடம் தாராளமா இருக்கு, ஆனா ஒவ்வொரு நாளும் பதிவு தானா அழியற மாதிரி செட்டிங் பண்ணி வச்சிருக்காங்க. மாஜிஸ்திரேட்டுக்கே ஒத்துழைப்பு இல்ல. கடைசியில ஸ்டேஷன வருவாய்த்துறை பொறுப்புல எடுக்க சொல்லி கோர்ட் உத்தரவு போட வேண்டியதாச்சு. ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குள்ள தாசில்தார் ஆளுங்க போய் உக்காந்து சாட்சிய பாதுகாக்குற நிலைமை! இது நடக்கிறப்ப துறைக்கு ஒரு தனி அமைச்சர் இருந்து, அவர் அன்னைக்கே கிளம்பி நேர்ல போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் அடிக்கடி யோசிப்பேன். ஒண்ணும் ஆகாமலும் போயிருக்கலாம். ஆனா அந்த முதல் அறிக்கைய வேற ஒரு ஆள் ஒரு தடவையாவது படிச்சு பாத்து, இது நம்பற மாதிரி இல்லையேன்னு சொல்ல வாய்ப்பாவது இருந்திருக்கும்.

சரி அது அந்த ஆட்சி, அவங்க அப்படின்னு சொல்லிட்டு போயிடலாமா? 2025 ஜூன், திருப்புவனம். கோயில் காவலாளி, 20த்தி சொச்சம் வயசு, நகை காணோம்னு ஒரு புகார், ஸ்பெஷல் டீம்னு மஃப்டியில வந்தாங்க, அந்த பையன் உயிரோட இல்ல. ஆட்சி வேற, கட்சி வேற, முதல்வரும் வேற, அப்பவும் துறை முதல்வர்கிட்டதான். அவரே அந்த குடும்பத்துக்கு போன் பண்ணி சாரி சொன்னார், கேஸ் சிபிஐக்கு போச்சு. போன் பண்ணத குறை சொல்லல, எத்தனை பேர் அதையாவது பண்ணியிருக்காங்க. ஆனா எஸ்.பி.க்கோ டி.எஸ்.பி.க்கோ தனியா ஒரு ஸ்பெஷல் டீம், அது எந்த ஸ்டேஷன் கணக்குலயும் வராது, ஸ்டேஷன்ல தினமும் எழுதற ஜெனரல் டைரியில இருக்காது, இப்படி ஒரு பழக்கம் மாவட்டம் மாவட்டமா ஓடிக்கிட்டு இருந்தத ஒரு உயிர் போறதுக்கு முன்னாடி யார் பாத்திருக்கணும்? ஆயிரம் வேலை இருக்கிற முதல்வரா? அவரால முடியாதுங்க, மனுஷன்தானே. அதத்தான் நானும் சொல்றேன்.

போலீஸ் மேல புகார் குடுக்க எங்க போறதுங்கிறதையும் கேளுங்க. சுப்ரீம் கோர்ட் 2006 செப்டம்பர்ல பிரகாஷ் சிங் வழக்குல ஏழு உத்தரவு போட்டுச்சு. போலீஸ் புகார் ஆணையம் மாநில அளவுல மாவட்ட அளவுல அமைக்கணும், ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில இருக்கணும்னு அதுல இருக்கு. நாம 2013ல ஒரு சட்டம் போட்டோம், அதுல மாநில ஆணையத்துக்கு தலைவர் யாருன்னா உள்துறைச் செயலாளர், டிஜிபி ஒரு உறுப்பினர். மாவட்டத்துல கலெக்டர் தலைவர். அதாவது போலீஸ் அடிச்சாங்கன்னு போலீஸ் தலைவர் உக்காந்திருக்கிற மேஜைக்கே மனு எழுதணும். மாமியார் மேல புகார மாமியார்கிட்டயே குடுக்கிற கதை. 2020 டிசம்பர்ல அதே சுப்ரீம் கோர்ட் எல்லா ஸ்டேஷன்லயும் கேமரா, பதிவ 18 மாசம் வச்சிருக்கணும், முடியலைன்னா ஒரு வருஷத்துக்கு குறையவே கூடாதுன்னு சொல்லிடுச்சு. அத மேற்பார்வை பண்ற மாநிலக் குழுவுலயும் உள்துறைச் செயலாளர், நிதிச் செயலாளர், டிஜிபி, மகளிர் ஆணையத் தலைவர்னு இருக்கு. அந்த குழு எப்ப கூடுச்சு, எந்த ஸ்டேஷன் கேமரா வேலை செய்யலன்னு சட்டசபையில எந்திரிச்சு பதில் சொல்ல ஒரு அமைச்சர் இருந்தா அந்த குழு தானா கூடும். இல்லாததால அது பேப்பர்ல இருக்கு.

இதெல்லாம் பெரிய விஷயம், தினசரி நடக்கிறத சொல்றேன். எங்க சித்தப்பா பையன் பைக் திருடு போச்சு, நானும் கூட போனேன். எந்த ஸ்டேஷன்னு சொல்லல. சுவத்துல பெயிண்ட் அடிச்ச போர்டு, கைது பண்ணா என்னென்ன செய்யணும்னு டி.கே. பாசு தீர்ப்புல சொன்ன 11 கட்டளையும் வரிசையா இருக்கு, எழுத்து பாதி உரிஞ்சு போயிருக்கு. அதுக்கு கீழ ஏட்டய்யா உக்காந்திருக்கார். "வண்டி எங்க நின்னுச்சு?" பாலத்துக்கு கீழங்க. "பாலத்துக்கு இந்தப்பக்கமா அந்தப்பக்கமா?" அந்தப்பக்கம். "அது அவங்க லிமிட்டு தம்பி." அந்த ஸ்டேஷனுக்கு போனா அவங்க பாலமே எங்களுது இல்லைங்கிறாங்க. எந்த லிமிட்டா இருந்தாலும் புகார வாங்கணும்னு புது சட்டம், பிஎன்எஸ்எஸ் 173, 2024 ஜூலை 1லருந்து அமல்ல இருக்குன்னு நான் சொன்னதுக்கு ரைட்டர் சிரிச்சார், கோவப்படல, பாவம் நல்ல மனுஷன்தான், "சார், இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்து போயிருக்கார், ஐயா வந்தாத்தான் எஃப்ஐஆர், இப்போதைக்கு சிஎஸ்ஆர் போட்டு தரேன், அந்த கடையில ரெண்டு பேப்பர் வாங்கிட்டு வாங்க"ன்னார். சிஎஸ்ஆர்ங்கிறது புகார் வாங்கினதுக்கு குடுக்கிற வெறும் ரசீது, அத வச்சு இன்சூரன்ஸ்ல ஒண்ணும் நடக்காதுன்னு அவருக்கும் தெரியும் எங்களுக்கும் தெரியும். குற்றம்னு தெரிஞ்சா எஃப்ஐஆர் போட்டே ஆகணும்னு 2013லயே லலிதா குமாரி வழக்குல தீர்ப்பு இருக்கு. ஆனா எஃப்ஐஆர் எண்ணிக்கை கூடினா குற்றம் கூடிப்போச்சுன்னு தலைப்புச் செய்தி வரும், வந்தா அது முதல்வர் மேல விழும், விழுந்தா எஸ்.பி.க்கு போன் வரும், எஸ்.பி. இன்ஸ்பெக்டர்கிட்ட, இன்ஸ்பெக்டர் ரைட்டர்கிட்ட, ரைட்டர் என்கிட்ட வந்து பேப்பர் வாங்கிட்டு வர சொல்றார். துறையும் முதல்வர் இமேஜும் ஒண்ணா ஒட்டிக்கிட்டதோட விளைவு கடைசில பாலத்துக்கு கீழ நின்ன ஒரு பைக்குல வந்து முடியுது.

அந்த ரைட்டர் பக்கத்துலயும் நியாயம் இருக்குங்க, அத பேசாம விட்டா இது போலீஸ திட்டற மடலா போயிடும். சங்கம் வைக்க அவங்களுக்கு அனுமதி இல்ல. பக்கத்துல கேரளாவுல போலீஸ் சங்கம் இருக்கு, மாநாடு நடத்துறாங்க, இங்க வாய திறந்தா மெமோ. வாராந்திர லீவு உண்டுன்னு 2021ல அரசாணை வந்துச்சு, சந்தோஷம், ஆனா திருவிழா, விஐபி வருகை, கட்சி மாநாடு, பரீட்சை, எலக்ஷன்னு வரிசையா வந்தா அந்த லீவு எங்க போகும்? போலீஸ்காரங்கள அதிகாரி வீட்டு வேலைக்கு வச்சிக்கிற ஆர்டர்லி முறைய 1979லயே ஒழிச்சாச்சு, அரசாணை இருக்கு, அப்புறமும் 2022ல ஹைகோர்ட் இன்னும் ஏன் ஒழியலன்னு கேட்டு சத்தம் போட வேண்டியிருந்துச்சு. நாப்பது வருஷத்துக்கு மேல ஒரு அரசாணை அதிகாரி வீட்டு வாசல தாண்ட முடியல. பரீட்சை எழுதி, ஓடி, கயிறு ஏறி செலக்ட் ஆன பையன் எவரோ வீட்டு நாய குளிப்பாட்டிட்டு இருக்கான். அவனுக்காக யார் பேசுவா? சங்கம் பேச முடியாது, அவன் பேச முடியாது, அதிகாரி பேச மாட்டார். அமைச்சர் ஒருத்தர்தான் பேசணும், அந்த அமைச்சருக்கு இதுக்கு நேரம் இருக்கணும்.

இப்ப தீயணைப்புக்கு வரேன், எனக்கு இதுலதான் வயித்தெரிச்சல் ஜாஸ்தி. போலீசுக்காவது டிவியில விவாதம் இருக்கு. தீயணைப்ப பத்தி நெருப்பு எரியற அன்னைக்கு மட்டும்தான் பேச்சு. ஏப்ரல் 14 தீயணைப்பு வீரர்களுக்கு நீத்தார் நினைவு நாள். 1944ல பம்பாய் விக்டோரியா டாக்ல வெடிமருந்து ஏத்தின கப்பல் வெடிச்சு 66 தீயணைப்பு வீரர்கள் செத்த நாள் அது, அன்னைலருந்து ஒரு வாரம் தீத்தொண்டு வாரம். நம்ம ஊர்ல அதே நாள்ல சித்திரை பொறப்பு, அம்பேத்கர் பொறந்தநாள், எல்லா தலைவரும் மாலையோட வேற இடத்துல நிப்பாங்க. ஸ்டேஷன் முன்னாடி அவங்களே அவங்களுக்கு மலர்வளையம் வச்சிட்டு, அடுத்த கால் வந்தா ஓடுவாங்க. அந்த கால் என்னவா இருக்கும்? கிணத்துல மாடு, வீட்டுல பாம்பு, மரத்துல குளவிக்கூடு, விரல்ல மாட்டின மோதிரம். எல்லாத்துக்கும் அவங்கதான்.

2020 தீபாவளி அன்னைக்கு மதுரையில ஒரு துணிக்கடையில தீ, பழைய கட்டடம், சந்து மாதிரி தெரு, உள்ள போனவங்க மேல கட்டடம் இடிஞ்சு ரெண்டு வீரர்கள் இறந்துட்டாங்க. ஊரே பட்டாசு வெடிச்சிட்டு இருந்த நேரம். அந்த மாதிரி பழைய கட்டடத்துல கடை நடத்த யார் அனுமதி குடுத்தா, மாநகராட்சியா, தீயணைப்பு தடையில்லா சான்றா, பழைய கட்டடத்த யார் சோதிக்கணும்? நாலு துறைக்கு நடுவுல அந்த கேள்வி சுத்திக்கிட்டே இருக்கும். கும்பகோணத்துல 2004 ஜூலை 16, 94 குழந்தைங்க. அதுக்கப்புறம் பள்ளிக்கூட கூரைய மாத்தினோம், கமிஷன் போட்டோம், சட்டம் கடுமையாச்சு. ஆனா 2012ல சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில பட்டாசு ஆலை வெடிச்சப்ப காப்பாத்த ஓடினவங்களும் வேடிக்கை பாக்க போனவங்களும் அடுத்த வெடியில சேத்து செத்தாங்களே, அது எதனால? ஊர்க்காரங்களுக்கு யாரும் தூரமா நில்லுன்னு சொல்ல ஆள் இல்ல, சுத்தி கயிறு கட்ட ஆள் வந்து சேரல. பட்டாசு உரிமம் ஒன்றிய அரசு, ஆலை ஆய்வு தொழிலாளர் துறை பக்கம், நெருப்பு தீயணைப்பு, கூட்டம் போலீசு, காயம் சுகாதாரம்.

அவசரம்னா நமக்கு எத்தனை அமைச்சர்னு எண்ணிப் பாருங்க. 100 போலீசு, 101 தீயணைப்பு, ரெண்டும் உள்துறை. 108 மக்கள் நல்வாழ்வுத்துறை, 2008லருந்து ஓடுது, நல்லாவும் ஓடுது, அதுக்கு ஒரு சபாஷ். வெள்ளம் புயல் பேரிடர்னா வருவாய்த்துறை. எல்லாத்துக்கும் ஒரே நம்பர்னு 112 வந்துச்சு, நம்பர் ஒண்ணாச்சு, பொறுப்பு ஒண்ணாகல. 2019 அக்டோபர்ல மணப்பாறை பக்கம் ஆழ்துளைக் கிணத்துல ஒரு குழந்தை விழுந்துச்சே, நாலு நாள் தமிழ்நாடே டிவி முன்னாடி உக்காந்து அழுதுச்சு. அங்க போய் ராத்திரி பகலா நின்னது சுகாதாரத்துறை அமைச்சர், பேட்டி குடுத்தது வருவாய் நிர்வாக அதிகாரி. அவங்க நின்னது தப்பே இல்ல, தூக்கம் இல்லாம நின்னாங்க. ஆனா முதல்ல வந்தது தீயணைப்பு, அவங்க துறை அமைச்சர் யாரு? முதல்வர். கயிறு சுருக்கு போட்டு இழுக்கிறதா, பக்கத்துல குழி தோண்டுறதா, தனியார் ஆளுங்க கொண்டு வந்த கருவிய விடுறதான்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு நடந்துச்சு, குழந்தை இன்னும் ஆழத்துக்கு சரிஞ்சுது. முதல் ஒரு மணி நேரத்துல இங்க நான் சொல்றதுதான் நடக்கணும்னு சொல்ற அதிகாரம் யாருக்குன்னு எழுதி வச்ச ஒரு தாள் இருந்திருந்தா போதும், அத எழுதி வைக்க வேண்டியது அமைச்சர் வேலை. 2025 செப்டம்பர்ல கரூர்ல 41 பேர் நெரிசல்ல போனப்பவும் அனுமதி, இடம், கூட்டம், ஆம்புலன்ஸ்னு ஆளாளுக்கு கைகாட்டினத பாத்தோம், அது சிபிஐ கையில இருக்கிற விஷயம், அதுக்குள்ள நான் போகல.

பக்கத்து மாநிலங்கள பாருங்க. ஆந்திராவுல 2024லருந்து உள்துறைக்கும் பேரிடர் மேலாண்மைக்கும் சேத்து ஒரே அமைச்சர், வங்கலபுடி அனிதா. அந்த வருஷம் நவம்பர்ல துணை முதல்வர் பவன் கல்யாணே மேடையில நின்னு, உள்துறை அமைச்சர் ஒழுங்கா பாக்கணும், இல்லன்னா அந்த துறைய நானே எடுத்துக்க வேண்டி வரும்னு பேசினார். கூட்டணிக்குள்ளயே இப்படியான்னு நம்ம ஆளுங்க சிரிச்சாங்க, எனக்கு பொறாமையா இருந்துச்சு. இங்க எந்த அமைச்சர் மேடையில நின்னு போலீஸ் துறை சரியில்லைன்னு சொல்லிட முடியும்? சொன்னா அது முதல்வர சொன்ன மாதிரி. அங்க சொல்ல முடிஞ்சுது, ஏன்னா துறை வேற ஆள் கையில இருக்கு. புதுச்சேரியில 2021லருந்து நமச்சிவாயம், கர்நாடகாவுல பரமேஸ்வரா, ரெண்டு பக்கமும் தனி உள்துறை அமைச்சர பாத்திருக்கோம்.

கர்நாடகாவ சொன்னதும் உடனே நீங்க கேப்பீங்க, 2025 ஏப்ரல்ல பெங்களூர்ல ஒரு பொண்ணுகிட்ட தெருவுல அத்துமீறினப்ப, பெரிய நகரத்துல அங்கங்க இப்படி நடக்கும்னு அந்த தனி அமைச்சர்தானே பேசினார், ஜூன்ல சின்னசாமி ஸ்டேடியம் வாசல்ல 11 பேர் நெரிசல்ல செத்ததுக்கு போலீஸ் கமிஷனரத்தானே சஸ்பெண்டு பண்ணாங்க, தனி அமைச்சர் இருந்து என்ன கிழிச்சாருன்னு. நியாயமான கேள்வி. தனி அமைச்சர போட்டுட்டா ராமராஜ்யம் வந்துடும்னு நான் சொல்லல. பேருக்கு ஒருத்தர உக்கார வச்சிட்டு டிஜிபி தினமும் முதல்வர் ஆபீசுக்கே ரிப்போர்ட் பண்ணா அவர் ரிப்பன் வெட்டத்தான் லாயக்கு. ஆனா பரமேஸ்வரா பேசின அந்த பேச்சுக்கு நாடே அவர பேர் சொல்லி திட்டுச்சு, அவர் மன்னிப்பும் கேட்டார். திட்டுறதுக்கு ஒரு முகவரி கிடைச்சுதா இல்லையா.

முதல்வருங்க இந்த துறைய ஏன் விடறதில்லைன்னு எங்களுக்கு தெரியாதுன்னு நினைக்காதீங்க. நுண்ணறிவுப் பிரிவு. காலையில காபியோட வர்ற உளவு ரிப்போர்ட்டு, எதிர்க்கட்சில யார் யார பாத்தாங்க, நம்ம கட்சில யார் முறுக்கிக்கிட்டு இருக்காங்க, எந்த ஊர்ல சாதி மோதல் வெடிக்கும். அந்த பைல இன்னொரு அமைச்சர் கைக்கு போச்சுன்னா ராத்திரி தூக்கம் வராது, அதுவும் அந்த அமைச்சர் கட்சியில ரெண்டாவது இடத்துல இருக்கிறவர்னா கேக்கவே வேணாம். சரிங்க, உளவுப்பிரிவ நீங்களே வச்சிக்கோங்க, யாரும் கேக்கல. ஸ்டேஷன், ட்ராஃபிக், சைபர் கிரைம், தடயவியல், பயிற்சி, குவார்ட்டர்ஸ், லீவு, புகார் ஆணையம், கேமரா, இதெல்லாம் குடுக்கிறதுல என்ன பயம்? உளவு ரிப்போர்ட்டுக்காக ஒரு லட்சம் பேர் துறைய மொத்தமா மடியில வச்சிருக்கணுமா?

இதுக்கு புது சட்டம் எதுவும் வேணாம். எந்த அமைச்சருக்கு எந்த துறைங்கிறது அரசியலமைப்பு 166(3) படி அலுவல் விதியில வர்றது, முதல்வர் பரிந்துரை பண்ணா ஆளுநர் கையெழுத்து போடணும், முடிஞ்சுது. இலாகா மாத்தம்னு வாரத்துக்கு ஒரு வதந்தி வர்ற ஊர்ல இது ஒரு பெரிய வேலையே இல்ல. போலீச குடுக்க இப்ப மனசு வரலைன்னா முதல்ல தீயணைப்பு, 112 கட்டுப்பாட்டு அறை, 108, பேரிடர் மேலாண்மை, இந்த நாலையும் எடுத்து ஒரே அமைச்சர்கிட்ட குடுங்க, அதுல உளவும் இல்ல ஓட்டும் இல்ல, உங்களுக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. அந்த அமைச்சர் அடுத்த கூட்டத்தொடர்ல தீயணைப்பு மானியக் கோரிக்கை எண் 23க்கு தனியா ஒரு நாள் வாங்கி, ஒவ்வொரு தீயணைப்பு நிலையத்துலயும் எத்தனை ஆள் குறையுது, எந்த வண்டி எத்தனை வருஷம் பழசுன்னு எந்திரிச்சு பேர் சொல்லி வாசிக்கட்டும். போலீஸ் விஷயத்துல அதுவரைக்கும் காத்திருக்காம 2013 சட்டத்துல ஒரு திருத்தம் கொண்டு வந்து புகார் ஆணையத்துல டிஜிபிய எடுத்துட்டு ஓய்வு பெற்ற நீதிபதிய போடுங்க. இத ரெண்டு கட்சியும் எதிர்க்கட்சியா இருக்கிறப்ப ஆதரிச்சு பேசக்கூடியதுதான், ஆளுங்கட்சியா இருக்கிறப்ப யார் செய்றீங்கன்னு பாக்கிறோம்.

இப்படிக்கு,
சிஎஸ்ஆர் ரசீத இன்னும் பர்சுல வச்சிருக்கிற ஒரு வாக்காளன்